ஆர்ஃபன் பிளாக்: ஒரே மரபணு கொண்டவர்கள் இவ்வளவு வேறுபட முடியுமா?

அஸ்தம்பட்டி ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். கோடை விடுமுறையில் ஏற்காட்டில் தங்கியிருந்தபோது ஆர்ஃபன் பிளாக் என்ற கனடியத் தொலைக்காட்சித் தொடரை முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். 2013 முதல் 2017 வரை ஐந்து சீசன்களாக, சீசனுக்குப் பத்துப் பகுதிகள் வீதம் வெளிவந்த தொடர் அது. இனி எழுதப்போவதில் கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழும் என்பதால், தொடரை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றிருப்பவர்கள் இந்த இழையைப் பிறகு வாசிப்பது நல்லது.

ரயில் நிலைய நடைமேடையில் சாரா மானிங் என்ற இளம்பெண், தன் முகத்தையே கொண்ட இன்னொருத்தி காலணிகளைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு ஓடிவரும் ரயிலின் முன் பாய்வதைக் காண்கிறாள். இறந்தவள் பெத் சைல்ட்ஸ் என்ற காவல்துறைத் துப்பறிவாளர். கையில் காசில்லாத சாரா அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டு, அவளாகவே நடிக்கத் தொடங்குகிறாள். அப்படி நடிக்கப் போய்த்தான், தானும் பெத்தும் மட்டுமல்லாமல், புறநகர் இல்லத்தரசியான அலிசன், உயிரியல் ஆய்வு மாணவி கொசிமா, உக்ரைன் மடத்தில் வளர்க்கப்பட்டுக் கொலைகாரியாக்கப்பட்ட ஹெலினா, பெருநிறுவன அதிகாரி ரேச்சல் என எல்லோருமே ஒரே மூலத்திலிருந்து உருவாக்கப்பட்ட குளோன்கள் என்று தெரிந்துகொள்கிறாள். இத்தனை பேராகவும் நடித்தவர் டாடியானா மஸ்லானி என்ற ஒருவரே. 2016இல் அவருக்கு எம்மி விருது கிடைத்தது. ஒரு காட்சியில் அலிசனாக நடிக்கும் சாரா வருகிறாள். அப்போது அவருடைய முகத்தில் அலிசனும் தெரிகிறாள், அலிசனின் தோரணைக்குள் அடங்காமல் திமிறும் சாராவும் தெரிகிறாள். அதை எப்படிச் செய்தார் என்று இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

என் கேள்வி நடிப்பைப் பற்றியது அன்று. டாலி ஆட்டைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள், குளோன் என்றால் அதே ஆள் மறுபடி பிறப்பது என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்தத் தொடரோ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒரே மரபணு கொண்ட பெண்கள் குணத்திலும் பேச்சிலும் ஆசையிலும் இவ்வளவு தூரம் விலகிப்போவது அறிவியலுக்கு உட்பட்டதா, அல்லது திரைக்கதைக்காக மிகைப்படுத்தப்பட்டதா? அவர்கள் 1984இல் பிறந்தவர்கள் என்று தொடர் சொல்வது நம்பத்தக்கதா? முதல் சீசனின் முடிவில், அவர்கள் உடலிலேயே ஒரு நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு எழுதப்பட்டிருப்பதாகக் காட்டுகிறார்களே, சட்டத்தில் அதற்கு இடமுண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் என் மாணவர்களுக்கும் பயன்படும்.


ஆய்வகத்தார் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

மரபணு ஒன்றாக இருந்தால் உயிரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை உடைக்க, டாலியைவிட நல்ல எடுத்துக்காட்டு ஒரு பூனை. 2001ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனைக்கு சிசி என்று பெயரிட்டார்கள். அதன் மூலப்பூனை வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என மூவண்ணம் கொண்டது. குட்டிக்கோ செம்பழுப்பு நிறமே இல்லை. அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே இதற்குக் காரணம். பெண் பாலூட்டிகளின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருந்தாலும், அவற்றில் ஒன்று மிக இளங்கருவிலேயே செயலிழக்கச் செய்யப்படுகிறது; எந்தச் செல்லில் எது அணையும் என்பது பெரும்பாலும் தற்செயல். 1961இல் மேரி லயன் முன்வைத்த இந்த விளக்கத்தின்படி, ஒவ்வொரு பெண்ணின் உடலும் இருவகைச் செல்கள் கலந்த ஒரு கலவை. ஆகவே சாரா, அலிசன், கொசிமா ஆகியோர் பெண்களாக இருப்பதனாலேயே, கருவறையில் இருக்கும்போதே ஒருவரிலிருந்து ஒருவர் சற்று விலகத் தொடங்கியிருப்பார்கள்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. உட்கரு நீக்கப்பட்ட முட்டைச் செல்லில் வேறொருவரின் உட்கருவைச் செலுத்தித்தான் குளோனை உருவாக்குகிறார்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குத் தனி டிஎன்ஏ உண்டு; அது அந்த முட்டையோடு வருவது. வெவ்வேறு பெண்களின் முட்டைகளைப் பயன்படுத்தியிருந்தால், அதில் உள்ள 37 மரபணுக்கள் குளோனுக்குக் குளோன் வேறுபடும். ஒரே கருவறையைப் பகிர்ந்துகொண்டு பிறக்கும் ஒத்த இரட்டையர்கள், வெவ்வேறு தாய்மார் வயிற்றில் வளர்ந்த குளோன்களைவிட ஒருவரையொருவர் நெருக்கமாக ஒத்திருப்பார்கள் என்று சொல்வதற்கு இதுவே போதிய காரணம். சாராவும் ஹெலினாவும் மட்டும் ஒரே வாடகைத் தாயின் வயிற்றில் வளர்ந்த இரட்டையர்கள் என்றும், ஹெலினாவின் உள்ளுறுப்புகள் இடவலமாக மாறி இதயம் வலப்பக்கத்தில் இருப்பதாகவும், அதனாலேயே குண்டடி பட்டும் அவள் பிழைக்கிறாள் என்றும் கதை அமைத்திருக்கிறார்கள். உறுப்புகள் அவ்வாறு இடம் மாறியிருப்பது அரிதாக மனிதர்களிடம் காணப்படும் உண்மையான நிலைதான்.

1984ஐ ஏற்றுக்கொள்வதுதான் கடினம். ஜான் கர்டன் 1962லேயே தவளையின் குடல் செல் உட்கருவைக் கொண்டு தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டினார் என்பதும், 1980களின் நடுவில் ஸ்டீன் வில்லாட்சன் ஆட்டின் கருச்செல்களைக் கொண்டு ஆட்டுக்குட்டிகளை உருவாக்கினார் என்பதும் உண்மை. ஆனால் முழுவளர்ச்சி பெற்ற பாலூட்டியின் உடற்செல்லிலிருந்து வந்த முதல் உயிர், ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலிதான். அதற்காக 277 செல்களை இணைத்தார்கள்; அவற்றில் கருவாக வளர்ந்தவை 29; அவற்றை 13 ஆடுகளுக்குள் வைத்தார்கள்; பிறந்தது ஒரே குட்டி. குரங்கினத்தில் இதே முறை கைகூடியது ஷாங்காயில். 2018இல்தான் உலகம் அதை அறிந்தது. அதிலும் கருநிலைத் திசுவின் செல்களே பயன்பட்டன.

தொடரின் இறுதியில் மொத்தம் 274 பெண் குளோன்கள் இருப்பதாகத் தெரியவருகிறது. டாலியின் கணக்கை வைத்துப் பார்த்தால், அந்த 274 பேருக்குப் பின்னால் எத்தனை பெண்கள் கருச்சிதைவுற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொடர் இதைத் தொடவே இல்லை என்பது என் பெரிய மனக்குறை. மனிதரைக் குளோன் செய்யக்கூடாது என்று மருத்துவ உலகம் சொல்வதற்கு முதற்காரணமே இந்த இழப்புதான். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இனப்பெருக்கத்துக்கான குளோனிங்கைத் தடைசெய்கின்றன.


ஆத்தூர் விவசாயி எழுதியது:

மேலே உள்ள பதிலைப் படித்ததும், நம் மாவட்டமே குளோன்களால் பிழைக்கும் மாவட்டம் என்பதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆத்தூரிலும் தலைவாசலிலும் நாங்கள் பயிரிடும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விதை போட்டு வளர்ப்பது அன்று. அறுவடையின்போது நல்ல செடிகளின் தண்டை எடுத்து வைத்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, எட்டு முதல் பத்துக் கணுக்கள் இருக்கும்படி நறுக்கி, அந்தக் கரணையைச் செங்குத்தாக நடுகிறோம். முள்ளுவாடியோ வெள்ளைத் தாய்லாந்தோ, ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் ஒரு தாய்ச்செடியின் படிகளே.

இருந்தும் ஒரே கட்டுக் குச்சியைப் பங்கிட்டுக்கொண்டு, என் செம்மண் காட்டிலும் பங்காளியின் களிமண் காட்டிலும் ஒரே வாரத்தில் நட்டால், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலையில் பாயிண்ட் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக வருவதில்லை. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதைத்தான் பாயிண்ட் என்கிறோம். விலையும் அதைக் கொண்டே அமைகிறது. மழை எப்போது பெய்தது, எந்த மாதத்தில் பிடுங்கினோம், சாம்பல் சத்து எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அசைய முடியாத ஒரு செடியே இப்படி மாறும்போது, ஒருத்தி மடத்தில் அடிபட்டும் இன்னொருத்தி நடன வகுப்புக்குப் போயும் வளர்ந்தால் இருவரும் வேறு வேறு ஆட்களாகத்தான் இருப்பார்கள். தொடர் மிகைப்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் தொடரில் என்னை உலுக்கியது இதன் மறுபக்கம். கொசிமா இருமும்போது கைக்குட்டையில் இரத்தம் தெரிகிறதே, அந்த இடம். குளோன்கள் பிள்ளை பெறக்கூடாது என்பதற்காக அவர்களை உருவாக்கியவர்கள் மரபணுவில் செய்த ஒரு மாற்றமே நோயாக முளைத்து, ஒருவர் பின் ஒருவராகக் கொல்கிறது. ஹெலினாவுக்கும் சாராவுக்கும் மட்டும் அந்த மாற்றம் பலிக்கவில்லை. அதனால் அவர்கள் தாயாகவும் முடிகிறது, நோயும் அண்டவில்லை. எங்கள் வயலில் தேமல் நோய் வந்தால் இதேதான் நடக்கிறது. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது ஒரு பக்கம் இருக்க, நோயுள்ள தண்டிலிருந்து நறுக்கிய கரணை ஒவ்வொன்றும் நோயோடுதான் முளைக்கிறது. இலை சுருங்கி மஞ்சள் பாரித்து நிற்கும்போதுதான், குச்சி எடுத்த நாளிலேயே அது உள்ளே இருந்தது என்று தெரியும். வயல் முழுவதும் ஒரே ரகம் என்பதால், எது ஒன்றைத் தாக்குகிறதோ அது எல்லாவற்றையும் தாக்கும். ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தார், நோயில்லாத செடியைப் பார்த்துக் குச்சி எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். ஆசிரியை அம்மா தம் மாணவர்களை ஒருமுறை வயலுக்கு அழைத்து வந்தால் கையில் எடுத்துக் காட்டுகிறேன்.


இரட்டையரில் மூத்தவள் எழுதியது:

நானும் என் தங்கையும் ஒத்த இரட்டையர்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறேன், அவள் ஏற்காட்டில் குடியிருக்கிறாள். ஆகவே இந்த இழையில் பேசப்படும் பொருளோடு பிறந்தது முதல் வாழ்ந்து வருகிறேன் என்று சொல்லலாம்.

முகம் ஒன்றாக இருந்தால் ஒருவரின் வாழ்க்கைக்குள் இன்னொருவர் நுழைந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது எவ்வளவு அரிது என்பதைத் தொடர் சரியாகக் காட்டுகிறது. பெத்தின் பழைய காணொளிகளை ஓடவிட்டு, அவளுடைய உச்சரிப்பை சாரா திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறாள். அப்படியும், ஒரு துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய விசாரணையில் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், கைகழுவும் திரவ சோப்பைக் குடித்து, விசாரணைக் குழுவின் முன் வாந்தியெடுத்துத்தான் தப்பிக்கிறாள். முகம் அவளுக்கு உதவவில்லை. பெத்துக்குத் தெரிந்தது எதுவும் இவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் அம்மாயிக்குப் பார்வை மங்கிய பிறகும், வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசையைக் கேட்டே வந்திருப்பது யார் என்று சொல்லிவிடுவார். நான் இரண்டையும் உதறிவிட்டு வருவேனாம், தங்கை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைப்பாளாம். ஆதார் எடுத்தபோது எங்கள் கைரேகைகளும் தனித்தனியாகவே பதிவாயின. கருவறையில் விரல் நுனிக்கு நேரும் அழுத்தம்கூட ரேகையை மாற்றிவிடும் என்று பிறகு படித்தேன்.

தொடரில் எனக்குத் தாங்க முடியாமல் போனது வேறு. ஒவ்வொரு குளோனின் அருகிலும் நிறுவனம் ஓர் ஆளை வைத்திருக்கிறது: பெத்துக்குக் காதலன் பால், அலிசனுக்குக் கணவன் டானி, கொசிமாவுக்கு அவள் மனம் பறிகொடுத்த டெல்ஃபின். இரவில் தூங்கும்போது ஆட்கள் வந்து உடலைச் சோதித்துவிட்டுப் போகிறார்கள். அலிசன் தன் தோழியையே ஒற்றர் என்று தவறாக எண்ணி, அவளுடைய கழுத்துத் துணி சமையலறை அரவைக் கருவியில் சிக்கி இறுக்கும்போது, கைக்கு எட்டும் தூரத்தில் நின்றும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்லவளான ஒரு பெண்ணை அந்த நிலைக்குக் கொண்டுபோனது அவளைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற செய்தியன்று. தன்னைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது என்பதே. எங்களை இரட்டையர் என்று எங்களிடம் சொல்லாமல் பிரித்து வளர்த்திருந்தால் எங்களுக்கும் அந்த வெறி வந்திருக்கும்.

அதனால், குளோன்கள் ஒன்றுபோல் இருப்பார்களா மாட்டார்களா என்பதைவிட, அவர்களைப் பற்றிய உண்மை யார் கையில் இருக்கிறது என்பதையே இந்தத் தொடர் கேட்கிறது என்று நான் நினைக்கிறேன்.


சேலம் வழக்கறிஞர் எழுதியது:

ஆசிரியை அவர்களின் மூன்றாவது கேள்வி என் துறையைச் சேர்ந்தது. சகோதரி மேலே எழுதியதும் அதனோடு நேராக இணைகிறது.

முதல் சீசனின் இறுதிப் பகுதியில், தங்கள் டிஎன்ஏவில் செருகப்பட்டிருக்கும் செயற்கைத் தொடர் ஒன்றை கொசிமா படித்தறிகிறாள். இந்த உயிரியும் இதிலிருந்து பெறப்படும் மரபுப்பொருளும் அறிவுசார் சொத்து என்பதே அதன் சாரம். அதே நேரத்தில் ரேச்சல், உங்களைக் கண்காணிப்பதை நிறுத்திவிடுகிறோம் என்று ஒப்பந்தத் தாளை நீட்டுகிறாள். அலிசன் கையெழுத்திட்டும் விடுகிறாள். பெறப்படும் மரபுப்பொருள் என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். சாராவின் சிறுமகள் கீராவும் அதில் அடங்கிவிடுகிறாள். அந்தச் சொற்றொடரை எழுதிய திரைக்கதையாசிரியர்கள் நல்ல வழக்கறிஞர்களைக் கலந்திருக்க வேண்டும்.

இந்தப் பகுதி ஒளிபரப்பானது 2013 ஜூன் 1 அன்று. ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிரியட் ஜெனடிக்ஸ் வழக்கில், இயற்கையில் உள்ள மனித மரபணுவைப் பிரித்தெடுத்ததனால் மட்டும் அதற்குக் காப்புரிமை கேட்க முடியாது என்றும், ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட படி-டிஎன்ஏவுக்குக் கேட்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மே மாதம் டாலியே நீதிமன்றத்துக்கு வந்தது. குளோன் செய்யும் முறைக்கு ஏற்கெனவே காப்புரிமை பெற்றிருந்த ரோஸ்லின் நிறுவனம், குளோன் விலங்குகளுக்கும் அதைக் கோரியது. வேறோர் ஆட்டின் அச்சு அசலான மரபுப்படி என்பதாலேயே டாலி புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதை வைத்துப் பார்த்தால், ரேச்சலின் டையட் நிறுவனத்தார் குளோன்களின் டிஎன்ஏவில் செயற்கைக் குறியீடு ஒன்றைச் செருகியதன் சூழ்ச்சி விளங்கும்; படி என்ற காரணத்தால் உரிமை போய்விடாதிருக்க, இயற்கையில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். ஆயினும் 2011இல் அமெரிக்கா நிறைவேற்றிய காப்புரிமைத் திருத்தச் சட்டம் மனித உயிரிக்குக் காப்புரிமை வழங்குவதை வெளிப்படையாகவே தடுத்துவிட்டதால், ரேச்சலின் தாள் அங்கேயும் செல்லாது. நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, நுண்ணுயிரிகள் நீங்கலாக விலங்குகளையோ தாவரங்களையோ முழுமையாகவும் பகுதியாகவும் காப்புரிமைக்கு அப்பால் வைத்திருக்கிறது.

அதற்காக, நடக்கவே முடியாத கதை என்று தள்ளிவிடாதீர்கள். குளோன்கள் பிறந்ததாகச் சொல்லப்படும் அதே 1984இல், ஜான் மூர் என்பவரின் மண்ணீரலிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல்வரிசைக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வந்தவருக்கு, தன் செல்கள் வணிகப் பொருளாகின்றன என்பதே சொல்லப்படவில்லை. 1990இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், உடலிலிருந்து எடுக்கப்பட்ட செல்களின் மீது அவருக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தம் ஆதாயத்தை மறைத்த மருத்துவர் மீது கடமை தவறியதற்காக வழக்குத் தொடுக்கலாம் என்று கூறியது. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து கேட்காமல் எடுக்கப்பட்ட செல்களைப் பயன்படுத்தியதற்காக, ஒரு பெருநிறுவனம் அவருடைய குடும்பத்தாரோடு உடன்பாடு செய்துகொண்டது 2023இல்தான். உரிமை யாருக்கு என்பதில் நீதிமன்றங்கள் தயங்கின. ஒளிக்கக்கூடாது என்பதில் மூர் வழக்கின் தீர்ப்பு தயங்கவில்லை.

இறுதிப் பகுதியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கொசிமாவும் டெல்ஃபினும் நாடு நாடாகச் சென்று மற்றக் குளோன்களுக்கு மருந்து செலுத்துகிறார்கள், ஆனால் அவர்கள் யார் என்பதைச் சொல்லாமல். ஐந்து சீசன்களாக எந்த மறைப்பை எதிர்த்தார்களோ, நல்ல நோக்கத்தோடு அதையே செய்கிறார்கள்.


ஆய்வகத்தார் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொல்வதில் நியாயம் இருந்தாலும், மருத்துவத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். உயிர்க்கொல்லி நோய் ஒருவருக்குள் இருக்கிறது, மருந்து கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் நீ ஒரு குளோன் என்று சொல்லி, அவர் அதிர்ந்துபோய் மருந்தையே மறுத்துவிட்டால் உயிர் போய்விடும். முதலில் உயிரைக் காத்துவிட்டு, உண்மையை அவர் தாங்கும் நேரத்தில் சொல்லலாம்.


இரட்டையரில் மூத்தவள் எழுதியது:

தாங்கும் நேரம் எது என்பதை யார் முடிவு செய்வது ஐயா? கொலம்பியாவில் கமிலா டோரஸ் தன் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்கிறாள். அவளைப் போலவே முகம் கொண்ட கொசிமா அவள் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கிறாள். அந்தக் காட்சியை அன்பின் காட்சியாகவே எடுத்திருக்கிறார்கள், நானும் அழுதேன். ஆனாலும் மருந்து என்னவென்று சொல்லாமல் செலுத்துவதற்கும், தூக்கத்தில் வந்து சோதித்துவிட்டுப் போனதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் நோயைச் சொல்லலாம், அடுத்த வருகையில் மற்றதைச் சொல்லலாம். ஒன்றையுமே சொல்லாமல் விமானம் ஏறியிருக்கக் கூடாது என்பதே என் கட்சி. என் தங்கையைக் கேட்டேன், அவள் உங்கள் பக்கம்தான் பேசுகிறாள்.